20 மி.லி.யை எதில் அளப்பது? ஆய்வகக் கண்ணாடிக் கலன்கள், ஓர் ஒப்பீடு

போன வாரம் ஓர் இளம் வேதியியல் ஆசிரியர் போன் செய்தார். மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆய்வகத்துக்குச் சாமான் வாங்கப் பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒதுக்கிய தொகையோ குறைவு. “பீக்கர்லயும் கோடு போட்டிருக்கு, கானிக்கல் ஃபிளாஸ்க்லயும் போட்டிருக்கு, மெஷரிங் ஜார் வேற அலமாரி நிறைய இருக்கு. பிப்பெட், பியூரெட், ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்னு தனித்தனியா பணம் போடணுமா சார்? எதை விட்டா பரவாயில்லை?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வியைக் கல்லூரி மாணவர்களும், வீட்டிலேயே சின்னதாகத் தண்ணீர்ப் பரிசோதனை செய்து பார்க்க நினைப்பவர்களும் வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் எல்லாம் வரிசையாக இருக்கும். எதை எதற்காக வாங்குகிறோம் என்று அதில் இருக்காது. அதனால் போனில் அரைமணி நேரம் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

## முதலில் ஒரு கேள்வி, அப்புறம் நாலு அளவுகோல்

பிளஸ் டூ மாணவர்கள் செய்யும் ஒரு தரம்பார்த்தலை (டைட்ரேஷன்), அதாவது ஒரு கரைசலோடு முழுதாக வினைபட இன்னொரு கரைசல் எவ்வளவு வேண்டும் என்று அளப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஒரே கூம்புக்குடுவைக்குள் (கானிக்கல் ஃபிளாஸ்க்) மூன்று திரவங்கள் போகின்றன. ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி., பிப்பெட்டில் எடுத்து விடுகிறோம். நீர்த்த கந்தக அமிலம் “ஒரு சோதனைக்குழாய் நிறைய”, அவ்வளவுதான். பெர்மாங்கனேட் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக.

கந்தக அமிலத்துக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம் என்று ஒரு மாணவி கேட்டாள். அலட்சியம் இல்லை. அமிலம் தேவைக்கு மேல் இருந்தால் போதும். குறைந்தால்தான் குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் வரும். அது 18 மி.லி.யா 22 மி.லி.யா என்பது எந்தச் சூத்திரத்திலும் வராது. மற்ற இரண்டு அளவுகளும் கணக்கில் எண்களாக உட்கார்கின்றன. அவற்றில் பிழை வந்தால் விடையிலும் அதே பிழை வரும்.

ஆகவே கலனைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அளவு என் கணக்கில் எண்ணாக நுழையப் போகிறதா? ஆம் என்றால் பிப்பெட், பியூரெட், ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க். இல்லை என்றால் பீக்கரும் ஜாடியும் தாராளம். பணத்தையும் இந்தக் கோட்டின்படிதான் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பவை நான்கு. அந்தக் கலனை அடுப்பில் வைக்கலாமா? அதிலுள்ள கோடு உள்ளே இருக்கும் அளவைச் சொல்கிறதா, வெளியே ஊற்றினால் வரும் அளவைச் சொல்கிறதா? பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு அது எவ்வளவு பழக்கம் கேட்கும்? உடைந்தால், அடைத்தால், மூடி தொலைந்தால் என்ன செலவு?

இரண்டாவது கேள்வியைப் பலர் கவனிப்பதே இல்லை. அளவுக் கலன்களின் மேல் “இன்” அல்லது “எக்ஸ்” என்ற குறி அச்சிட்டிருக்கும். “இன்” என்றால் கோடு வரை நிரப்பினால் உள்ளே அத்தனை மி.லி. இருக்கிறது என்று பொருள். “எக்ஸ்” என்றால் அதிலிருந்து வடிந்து வெளியே வருவது அத்தனை மி.லி. சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஈரத்தையும் கழித்தே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க் “இன்” வகை. பிப்பெட்டும் பியூரெட்டும் “எக்ஸ்” வகை. 250 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிவிட்டு “சரியாக 250 ஊற்றினேன்” என்று எழுதினால் அது தவறு. கீழே அட்டவணையில் வரும் ஏ, பி என்பவை துல்லியத் தரங்கள்; ஏ கிளாஸில் பிழை குறைவு, விலை அதிகம்.

| கலன் | எதற்கு | அளவில் வரக்கூடிய பிழை | அடுப்பில் வைக்கலாமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பீக்கர், 250 மி.லி. | கரைக்க, சூடாக்க, ஊற்ற | 5 சதவீதம், சிலதில் அதற்கும் மேல் | ஆம், கம்பிவலை மேல் | மூக்கும் விளிம்பும் சிதைவது |
| கூம்புக்குடுவை, 250 மி.லி. | சுழற்றிக் கலக்க, தரம்பார்க்க | ஏறக்குறைய பீக்கர் போலத்தான் | ஆம், மூடாமல் | உள்ளே கழுவ நீளமான பிரஷ் |
| அளவு ஜாடி (மெஷரிங் ஜார்), 25 மி.லி. | தோராய அளவு | பி கிளாஸ் ±0.5 மி.லி. | கூடாது | சாய்ந்து விழுந்து உடைவது |
| பிப்பெட், 20 மி.லி. | ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்க | ஏ ±0.03, பி ±0.06 மி.லி. | கூடாது | நுனி உடைவது, ரப்பர் பல்பு |
| பியூரெட், 50 மி.லி. | எவ்வளவு தேவை என்று கண்டறிய | ஏ ±0.05, பி ±0.1 மி.லி. | கூடாது | ஸ்டாப்காக், ஸ்டாண்டு, கிளாம்ப் |
| ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க், 250 மி.லி. | திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரிக்க | ஏ ±0.15, பி ±0.30 மி.லி. | கூடாது | மூடி தொலைவது |

இந்த அட்டவணையில் பிழைக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதே 20 மி.லி.யை 25 மி.லி. ஜாடியில் அளந்தால் இரண்டரை சதவீதம் வரை தவறலாம். பி கிளாஸ் பிப்பெட்டில் எடுத்தால் 0.3 சதவீதம். ஒரே கையும் ஒரே கண்ணும் அளந்தாலும் கலன் மாறினால் எட்டு மடங்கு வித்தியாசம்.

## பீக்கர்

பீக்கரில் போட்டிருக்கும் கோடுகள் அளப்பதற்கானவை அல்ல, குத்துமதிப்புக்கு. 250 மி.லி. பீக்கரில் 5 சதவீதம் என்றால் 12.5 மி.லி. ஒரு சோதனைக்குழாயில் பாதிக்கும் மேல். அதில் திட்டக் கரைசல் தயாரிக்கும் ஆளை நான் தடுத்துவிடுவேன்.

ஆனால் உப்பைக் கரைக்க, கரைசலைச் சூடாக்க, பியூரெட்டுக்குள் ஊற்ற, கழிவைப் பிடிக்க என்று நாள் முழுக்க உழைப்பது பீக்கர்தான். அகன்ற வாய், ஊற்ற மூக்கு, கழுவுவது சுலபம். 100 மி.லி., 250 மி.லி. இரண்டும் நிறைய வேண்டும். 500 மி.லி.க்கு மேல் இரண்டு மூன்று இருந்தால் போதும்.

## கூம்புக்குடுவை

ஜெர்மன் வேதியியலாளர் எமில் எர்லன்மேயர் 1860-ல் அறிமுகப்படுத்திய வடிவம் இது. அகன்ற அடி, குறுகும் கழுத்து. ஒரு கையால் பியூரெட் குழாயைத் திருப்பிக்கொண்டே மறுகையால் இதைச் சுழற்றலாம். துளி வெளியே தெறிக்காது. இதே வேலையைப் பீக்கரில் செய்து பாருங்கள், கண்ணாடிக் குச்சி வேண்டும், அந்தக் குச்சியில் கரைசல் ஒட்டும், எடுத்து மேசையில் வைத்தால் ஒட்டியது போச்சு. தரம்பார்த்தலுக்குக் கூம்புக்குடுவைக்கு மாற்று இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். கூம்புக்குடுவையை வெறும் வாலை வடிநீரால் மட்டுமே அலச வேண்டும். கரைசலால் அலசினால், 20 மி.லி. விட்ட இடத்தில் இருபதரை இருக்கும். மிச்சம் நிற்கும் தண்ணீரால் ஒரு கேடும் இல்லை. நாம் உள்ளே விட்ட அமிலத்தின் அளவு மாறப்போவதில்லையே. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போகும் இடங்களில் இது முக்கியமானது. கலன் சரியாக இருந்தும் அலசுவது மாறிப்போய் விடை கெட்டதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

## அளவு ஜாடி

கணக்கில் வராத, ஆனால் சோதனைக்குழாய்க் கணக்குக்கும் விட முடியாத அளவுகளுக்கு இது. 50 மி.லி. தண்ணீரில் கரைக்கச் சொன்னால், அடர் அமிலத்தை நீர்த்துச் சேமக் கரைசல் செய்யச் சொன்னால், ஜாடி போதும். அளவுக்கு ஏற்ற ஜாடியை எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 8 மி.லி. அளக்க 100 மி.லி. ஜாடியைத் தூக்கினால், பி கிளாஸில் அதன் பிழை ±1 மி.லி.; எட்டில் ஒன்று போய்விடும். 10 மி.லி. ஜாடியில் அது ±0.2 தான். ஒரு பெரிய ஜாடி வாங்குவதைவிட 10, 25, 100 என்று மூன்று வாங்குவது மேல்.

பிளாஸ்டிக்கில் வாங்கலாம் என்று நான் துணிந்து சொல்லும் கலன் இதுதான். உயரமாக, ஒடுங்கிய அடியோடு நிற்பதால் கை பட்டால் சாயும், சாய்ந்தால் உடையும். பாலிபுரொப்பிலின் ஜாடி உடையாது. அயோடினும் பெர்மாங்கனேட்டும் அதில் கறை பிடிக்கும், அந்த இரண்டுக்கும் மட்டும் கண்ணாடி ஜாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

## பிப்பெட்

நடுவில் வயிறு உப்பிய, கழுத்தில் ஒரே ஒரு கோடு போட்ட குழாய். அந்த ஒரு கோடுதான் அதன் பலம். குறுகிய கழுத்தில் பிறைத்தளம் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) ஒரு மயிரிழை ஏறி இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். கனஅளவில் அது மிகச் சிறிய வித்தியாசம்தான். அகன்ற பீக்கரில் அதே மயிரிழைக்கு எத்தனையோ துளி அடங்கும்.

கையில் பழக வேண்டிய கலனும் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு மூன்று முறையும் மூன்று விதமாகப் பியூரெட் அளவு வந்துகொண்டிருந்தது: 19.4, 19.5, 19.3. கணக்கு சரி, முடிவுநிலை நிறமும் சரி. பக்கத்தில் நின்று பார்த்தேன். கோடு வரை ஏற்றினாள், குடுவைக்குள் விட்டாள், எல்லாம் வடிந்தது. நுனியில் ஒரு துளி நின்றது. ஒருமுறை அதை உதறினாள். அடுத்த முறை பல்பை அழுத்தித் தள்ளினாள். மூன்றாம் முறை அப்படியே எடுத்துவிட்டாள். அந்த ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. இருக்கும். பிப்பெட்டின் மொத்தப் பிழையே பி கிளாஸில் 0.06 தான், அவ்வளவும் அந்தத் துளியிலேயே போய்விடுகிறது.

இந்த வகைப் பிப்பெட்டில் நுனியில் நிற்கும் கடைசித் துளியையும் கணக்கில் எடுத்தே கோடு போட்டிருக்கிறார்கள். அது உள்ளேயே இருக்க வேண்டும். நுனியைக் குடுவையின் உள்சுவரில் சாய்த்துத் தொட்டு, தானாக வடியவிட்டு, சில விநாடி பொறுத்து, எடுத்துவிட வேண்டும். ஊதக் கூடாது. இதைச் சொன்ன பிறகு அவளுக்கு 19.4, 19.4 என்று ஒத்த அளவு வந்தது.

வாயால் உறிஞ்சும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் எல்லாருமே அப்படித்தான் செய்தோம். இன்று என் ஆய்வகத்தில் அனுமதிப்பதில்லை. ஆக்சாலிக் அமிலம் நச்சு, வாய்க்குள் போக வேண்டிய பொருளே இல்லை. பிப்பெட் வாங்கும்போது அதே எண்ணிக்கையில் ரப்பர் பல்பும் வாங்குங்கள். பல்பு இல்லாமல் வாங்கினால் பிள்ளைகள் வாயைத்தான் வைப்பார்கள்.

பல்புக்குக் கையில் பணம் இல்லையா? ஒரு மாற்று உண்டு. இரண்டாவது பியூரெட் ஒன்றில் ஆக்சாலிக் அமிலத்தை நிரப்பி, அதிலிருந்து 20 மி.லி. குடுவைக்குள் இறக்குங்கள். பி கிளாஸ் பியூரெட்டில் பிழை ±0.1, அதாவது அரை சதவீதம். பிப்பெட்டைவிடக் கொஞ்சம் மோசம், ஜாடியைவிட ஐந்து மடங்கு நல்லது, வாயில் அமிலமும் போகாது. தேர்வில் பிப்பெட் கேட்பார்கள் என்பதால் அதைப் பழகவும் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு பருவத்தைத் தள்ள இந்த வழி போதுமானது.

## பியூரெட்

பிப்பெட் தெரிந்த அளவை எடுக்கிறது. பியூரெட் தெரியாத அளவைக் கண்டுபிடிக்கிறது. எத்தனை மி.லி.யில் நிறம் மாறும் என்று தொடங்கும்போது நமக்குத் தெரியாது, அதனால்தான் உடம்பெல்லாம் கோடு. ஒவ்வொரு கோடும் 0.1 மி.லி.; இரண்டு கோட்டுக்கு நடுவைக் கண்ணால் பிரித்தால் 0.05.

வாங்கும்போது நிஜமாக யோசிக்க வேண்டியது அடியில் இருக்கும் குழாயைப் பற்றி. மூன்று வகை கிடைக்கும்.

கண்ணாடி ஸ்டாப்காக் (சாவியைத் திருப்பித் திறக்கும் குழாய்) உள்ளது பழைய வகை. பெர்மாங்கனேட்டுக்கு ஏற்றது. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு ஆகாது. காரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சாவியைக் கூட்டில் இறுக்கிவிடும். கழுவாமல் ஒரு வாரம் விட்டால் திறக்கவே வராது, பலம் போட்டால் உடையும். தவிர, ஒவ்வொரு சாவியும் அதனதன் கூட்டுக்கென்று தேய்த்துப் பொருத்தியது. ஒன்றை மற்றொன்றில் மாற்றிப் போட்டால் கசியும். கழுவும்போது நாலு சாவி கலந்துபோனால் நாலு பியூரெட்டுமே சந்தேகம். கிரீஸ் போட வேண்டும், கூடுதலாகப் போட்டால் அது நுனியில் போய் அடைக்கும்.

ரப்பர் குழாயும் இடுக்கியும் போட்ட வகை விலை குறைவு. காரத்துக்கு நல்லது. ஆனால் பெர்மாங்கனேட்டும் அயோடினும் ரப்பரைத் தாக்கும். கரைசலின் வலிமையும் குறையும். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்தான் உங்கள் முக்கியச் சோதனை என்றால் இதை எடுக்காதீர்கள்.

டெஃப்ளான் ஸ்டாப்காக் போட்டது இரண்டுக்கும் ஒத்துவரும். கிரீஸ் தேவையில்லை, காரத்தில் இறுகாது. முதலில் விலை கூடுதல்தான். ஆனால் இறுகி உடைந்த கண்ணாடிச் சாவிகளை ஸ்டாக் ரெஜிஸ்டரில் கழித்தெழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு மூன்று ஆண்டில் அந்தக் கூடுதல் தொகை திரும்பிவிடும். ஒரே ஒரு பராமரிப்பு: விடுமுறைக்கு முன் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் டெஃப்ளான் மெல்ல அமுங்கி, திறக்கும் நாளில் கசியும்.

படிக்கும்போது நிறமற்ற கரைசலுக்குப் பிறைத்தளத்தின் கீழ் விளிம்பு, பெர்மாங்கனேட் போன்ற அடர் நிறத்துக்கு மேல் விளிம்பு. தொடக்கத்தில் எந்த விளிம்போ முடிவிலும் அதே. புனலை எடுத்துவிட வேண்டும், அதன் காம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கணக்கு மாறும். நுனியில் காற்றுக்குமிழ் இருந்தால் முதலில் வேகமாகத் திறந்து வெளியேற்ற வேண்டும். குமிழ் நடுவில் வெளியேறினால் அது போன இடமும் வினைபட்ட கரைசலாகக் கணக்கில் ஏறிவிடும்.

## ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்

ஒரு பருவத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ எடுப்போம். ஆனால் அன்று தயாரிக்கும் கரைசலில் பிழை வந்தால் அந்த வகுப்பில் அத்தனை பேர் விடையிலும் பிழை. 250 மி.லி. டெசிநார்மல் (0.1 நார்மல் செறிவுள்ள) ஆக்சாலிக் அமிலத்துக்கு 1.576 கிராம் படிகம் நிறுத்து எடுக்கிறோம். மூன்று தசமம் வரை தராசில் பார்த்துவிட்டு, அதைப் பீக்கர் கோட்டில் நிரப்பினால் அந்த நிறுத்தலுக்கே அர்த்தம் இல்லை.

இங்கே கலனைவிடச் சூடுதான் பெரிய எதிரி. கரைசல் அறை வெப்பத்தைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும்போது கோடு வரை நிரப்பினால், ஆறியதும் 250 மி.லி.யில் சுமார் முக்கால் மி.லி. குறையும். ஏ கிளாஸ் குடுவை அனுமதிக்கும் பிழை 0.15 தான். அதைப்போல ஐந்து மடங்கு. குடுவையின் போரோசிலிகேட் கண்ணாடி (சூட்டுக்கு மிகக் குறைவாக விரியும் வகை) அந்தப் பத்து டிகிரிக்கு அனேகமாக விரிவதே இல்லை, விரிவது தண்ணீர். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது தானே சூடாகும் என்பதால் பீக்கரில் கரைத்து, ஆறவிட்டு, அப்புறம் குடுவைக்கு மாற்றி, பீக்கரை இரண்டு மூன்று முறை அலசிய நீரையும் சேர்த்து, கடைசியில்தான் கோடு. விலை உயர்ந்த குடுவை வாங்கிவிட்டு ஆற விடாதவரைவிட, பி கிளாஸ் குடுவையோடு பத்து நிமிடம் காத்திருப்பவருக்கு நல்ல கரைசல் கிடைக்கும்.

கரைசலை இதிலேயே நாள்கணக்கில் வைக்காதீர்கள், பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். மூடியை ஒரு நூலால் கழுத்தோடு கட்டிவிடுங்கள்.

சோதனைக்குழாய், கொதிகுழாய், புனல், கடிகாரக் கண்ணாடி இவற்றில் தேர்வுச் சிக்கல் ஒன்றும் இல்லை. உப்புப் பகுப்பாய்வு இருக்கிறவரை சோதனைக்குழாய் எத்தனை வாங்கினாலும் போதாது, அவ்வளவுதான்.

## எந்தக் கண்ணாடி?

சாதாரணச் சோடா கண்ணாடி, போரோசிலிகேட் கண்ணாடி, பிளாஸ்டிக் என்று மூன்று விலையில் சரக்கு வரும்.

ஓர் ஆண்டு தொகை குறைவாக இருந்ததால் சோதனைக்குழாய்களையும் கூம்புக்குடுவைகளையும் விலை குறைந்த கொட்டேஷனில் வாங்கினோம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலுக்குக் குடுவையை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும் அல்லவா? முதல் நாளே, கம்பிவலையிலிருந்து இறக்கி ஈர மேசையில் வைத்த குடுவை ஒன்று ‘டக்’ என்று அடியைச் சுற்றி வளையமாகக் கீறி, அடித்தட்டு மேசையிலும் உடம்பு பையனின் கையிலுமாக நின்றது. நல்லவேளை, சுடுநீர் காலில் படவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் சோதனைக்குழாய்களில் பாதி போய்விட்டது. மிச்சம் பிடித்த பணத்தைவிட மறுபடி வாங்கிய செலவு அதிகம்.

காரணம் கண்ணாடி விரிவதில் இருக்கிறது. சோடா கண்ணாடி ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 9 மைக்ரோமீட்டர் விரியும். போரோசிலிகேட் 3.3 தான். சூடான அடி விரிந்தும் குளிர்ந்த பக்கம் விரியாமலும் இழுபறி ஆகும்போதுதான் கீறல் விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் விரியும் கண்ணாடியில் அந்த இழுவையும் அவ்வளவுதான். மணலோடு போரானைச் சேர்த்து இந்தக் கண்ணாடியை 1880-களில் ஜெர்மனியின் ஜெனா நகரில் உருவாக்கியவர் ஓட்டோ ஷாட். 1915-ல் அமெரிக்காவில் பைரெக்ஸ் வந்தது. இந்தியாவில் 1962-ல் தொடங்கிய போரோசில் நிறுவனத்தின் பெயரையே நாம் இந்த வகைக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். கொட்டேஷன் கேட்கும்போது வெறும் வாய்வழக்கில் எழுதாமல் “போரோசிலிகேட் 3.3” என்று எழுதுங்கள். அப்போதுதான் எந்த நிறுவனத்தின் சரக்காக இருந்தாலும் தரம் பேசப்படும்.

அடுப்பைக் காணும் எல்லாமே போரோசிலிகேட்டாக இருக்க வேண்டும்: பீக்கர், கூம்புக்குடுவை, சோதனைக்குழாய், கொதிகுழாய். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடுப்பைக் காணாத கண்ணாடிக் குச்சி, கடிகாரக் கண்ணாடி, அமில பாட்டில் ஆகியவை சோடா கண்ணாடியில் இருக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். கழுவு பாட்டில், புனல் பிளாஸ்டிக்கில் போதும்.

ஏ கிளாஸ், பி கிளாஸ் விஷயத்தில் என் கருத்து: பள்ளிக்குப் பி கிளாஸ் போதும். பிள்ளைகள் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைக்காமல் படிப்பதால் வரும் பிழையே 0.1 மி.லி. இருக்கும். ஏ கிளாஸுக்குப் பல மடங்கு கொடுத்து அந்தப் பிழையை வாங்க வேண்டாம்.

## யாருக்கு எது

பணம் குறைந்த மேல்நிலைப் பள்ளி என்றால், டெஃப்ளான் பியூரெட்டையும், பல்போடு 20 மி.லி. பிப்பெட்டையும் பி கிளாஸில் மேசைக்கு ஒன்றாக எடுங்கள். வகுப்புக்கு 250 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க் இரண்டு மூன்று போதும், கரைசலைத் தயாரிப்பது ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோதான். ஜாடிகள் பிளாஸ்டிக்கில். மிச்சத்தை எல்லாம் போரோசிலிகேட் சோதனைக்குழாய்க்கும் கூம்புக்குடுவைக்கும் போடுங்கள். போன் செய்த ஆசிரியருக்கு நான் சொன்ன பட்டியல் இதுதான்.

பத்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளிக்கு அளவு ஜாடியும் பீக்கரும் சோதனைக்குழாயும் போதும். காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு பியூரெட் இருந்தால் நல்லது.

கல்லூரித் திட்டப்பணி, தண்ணீரின் கடினத்தன்மை அளப்பது போன்ற வேலைகளில் விடையை வெளியே ஒருவரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஏ கிளாஸில் ஒரே ஒரு தொகுப்பு வாங்குங்கள்: ஒரு பியூரெட், ஒரு பிப்பெட், ஒரு ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க். அதைத் தனியாகப் பூட்டி வையுங்கள், தினசரி வேலைக்கு எடுக்காதீர்கள். சூடான ஓவனில் (உலர்த்தும் அடுப்பு) உலர்த்தாதீர்கள், கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். பெர்மாங்கனேட் விட்டுச்சென்ற பழுப்புக் கறைக்குத் தேய்ப்பு வேண்டாம். வெதுவெதுப்பான ஆக்சாலிக் அமிலத்தில் சில சொட்டு நீர்த்த கந்தக அமிலம் விட்டு ஊற்றினால் கறை கண்ணெதிரே கரையும்.

சரக்கு வந்து இறங்கியதும் பெட்டிக்கு ஒரு சோதனைக்குழாயை எடுத்து, உள்ளேயும் கிளிசரின் ஊற்றி, கிளிசரின் இருக்கும் பீக்கருக்குள் இறக்கிப் பாருங்கள். கிளிசரினுக்கும் போரோசிலிகேட்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்று, 1.47. முங்கிய பகுதி கண்ணுக்கு மங்கி மறைந்துபோகும். சோடா கண்ணாடியின் எண் 1.52 என்பதால் அதன் விளிம்பு தெளிவாகத் தெரியும். கிளிசரின் இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும். பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை.